கருப்பை வாய்ச் சோதனையும் ஊராட்சியின் கடமையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் முன்னோடி விவசாயிகளுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர்த் தொட்டிகளின் பராமரிப்பு, வீட்டு வரி வசூல், தணிக்கைத் தடைகளை நீக்கும் முறை ஆகியவற்றைப் பற்றி நேற்று மாலை வரையில் விரிவாகப் பேசினோம். இன்று முற்பகல் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் பொருள் இவற்றினின்றும் வேறுபட்டது. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிவதற்குச் செய்யப்படும் சோதனையைப் பற்றியும், அச்சோதனைக்குச் செல்லும் ஒரு பெண் அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன்.

நிகழ்ச்சி நிரலைக் கண்டதும் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் வந்து, "அம்மா, இது பெண்கள் சமாசாரமாயிற்றே, அந்த ஒரு மணி நேரம் நாங்கள் வெளியே இருந்துவிட்டு வருகிறோமே" என்று மிக்க மரியாதையுடன் கேட்டார். அவருடைய எண்ணம் நல்லதே. எனினும், அமர்ந்து கேட்குமாறு அவரை வேண்டிக்கொண்டேன். நம் வீடுகளில் ஒரு பெண் தனக்கென்று ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் புறப்பட வேண்டுமானால், அன்றைக்குக் கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வது யார், களையெடுப்புக்கு அவளுக்குப் பதிலாக வரப்பில் இறங்குவது யார், பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்த பிறகே அவள் புறப்பட முடியும். அவ்விடைகளுள் பாதி ஆண்களிடத்தில் இருக்கின்றன. ஆகவே இப்பேச்சிலும் பாதி அவர்களுக்கு உரியது.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊரில் கர்ப்பப்பை என்று சொல்லும் உறுப்பின் அடிப்பாகம் குறுகி, பிறப்புறுப்பின் உட்பாதையில் வந்து திறக்கும் இடத்திற்குக் கருப்பை வாய் என்று பெயர். அவ்விடத்தில் தோன்றும் புற்றுநோயால் 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்கள் புதிதாகப் பீடிக்கப்பட்டனர் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. இவர்களுள் பெரும்பாலோர் குடும்பப் பொறுப்பு முழுவதையும் தலையில் தாங்கி நிற்கும் வயதினர்.

ஆயினும் இந்நோய்க்கு நமக்குச் சாதகமான ஒரு தன்மை உண்டு. இது திடீரென்று தோன்றுவதில்லை. கருப்பை வாயின் மேற்புறத்து அணுக்கள் முதலில் சற்றே மாறுபடுகின்றன. அம்மாற்றம் பல பெண்களுக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது. மறையாமல் நிலைத்துப் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகின்றன. கோரைக் களையை இரண்டு இலை விட்ட நிலையில் கொத்தி எடுப்பவருக்கும், அது மண்ணுக்குள் கிழங்கு பரப்பி நிலம் முழுவதும் பிடித்த பிறகு மண்வெட்டியைத் தேடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இங்கே களை முளைத்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வலியோ போக்கோ அந்நிலையில் இருப்பதில்லை. நன்றாக இருக்கும்போதே சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் போக வேண்டும்?" என்று கேட்கும் பெண்ணுக்கு இதுவே விடை.

இச்சோதனையை முதன்முதலில் வகுத்தவர் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த டாக்டர் பாப்பனிகோலாவு. 1928ஆம் ஆண்டில் தம் முடிவை அவர் வெளியிட்டபோது மருத்துவ உலகம் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிராட் என்னும் மகளிர் நோய் மருத்துவருடன் சேர்ந்து 1941ஆம் ஆண்டிலும், பிறகு 1943ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்ட பின்னரே அது பரவிற்று. அவர் பெயரின் முதற்பகுதியைக் கொண்டே அதனைப் பாப் சோதனை என்று அழைக்கிறார்கள். அவருடைய ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர் அவருடைய மனைவி என்பதைப் பலர் அறியார். அந்த அம்மையாரின் பொறுமையால் உலகெங்கும் எத்தனையோ பெண்கள் பிழைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுக் கதை இருக்கட்டும். நம் மாநிலத்தில், திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 114 கிராமப் பிரிவுகளைத் தேர்ந்தெடுத்து, 57 பிரிவுகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு ஒரே ஒரு முறை சோதித்தனர். மற்ற 57 பிரிவுகளில் வழக்கம்போல் விட்டுவிட்டனர். 2000ஆம் ஆண்டு முதல் 2003ஆம் ஆண்டு வரை சோதனை நடந்தது. சில ஆண்டுகள் கழித்து இரு பக்கத்தையும் ஒப்பிட்டபோது, சோதனை நடந்த ஊர்களில் இந்நோய் 25 சதவீதமும், இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. 2007ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் உலகப் புகழ் வாய்ந்த மருத்துவ இதழ் இதனை வெளியிட்டது. நம்மைப் போன்ற சோளமும் நிலக்கடலையும் விளையும் ஊர்களில், செவிலியர்கள் செய்த ஒரு முறைச் சோதனையின் பயன் இது.

அந்த ஆய்வில் என் மனத்தை விட்டு அகலாத எண்ணிக்கை வேறொன்று. அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேர் வந்தனர். 36 பேர் வரவில்லை. இத்தனை ஏற்பாடுகளோடு வீடு தேடிச் சென்று அழைத்த இடத்திலேயே நிலைமை இது. பொதுவான நிலைமையோ இதனினும் மோசம். 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் வாழ்நாளில் ஒரு முறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10 பேருக்கும் சற்றுக் குறைவு. இந்தியா முழுவதும் நூற்றுக்கு 2 பேர்கூட இல்லை. நம் மாநிலம் முன்னணியில் இருப்பதாக மகிழ்ந்துகொள்ளலாம்தான். மீதி 90 பேரை நினைத்தால் மகிழ்ச்சி நிற்கவில்லை.

அவர்கள் ஏன் வருவதில்லை? மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் இதனைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தூரம், கூலி இழப்பு ஆகியவற்றை முதலில் சொல்வார்கள். சற்று நேரம் உடன் அமர்ந்திருந்தால் உண்மைக் காரணம் தாழ்ந்த குரலில் வெளிவரும். "உள்ளே என்ன செய்வார்களோ, தெரியவில்லை" என்பதே அது. இரும்புக் கருவியால் கிழிப்பார்கள் என்று ஒருத்தி சொல்வாள். சதையை வெட்டி எடுப்பார்கள் என்று இன்னொருத்தி சொல்வாள். போனால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள் என்று மூன்றாமவள் முடித்துவிடுவாள். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று அஞ்சுவதில் வியப்பில்லை. விளக்கை எடுத்துச் செல்லாதவர்கள்தாம் குற்றவாளிகள். ஆகவே, அந்த அறைக்குள் நடப்பது என்ன என்பதை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

சோதனைக்குரிய நாள் மாதவிலக்கு இல்லாத நாளாக இருக்க வேண்டும். விலக்கு தொடங்கிய 10ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடைப்பட்ட காலம் மிகவும் ஏற்றது. அதற்கு முந்திய இரண்டு நாட்கள் கணவன் மனைவி சேர்க்கையைத் தவிர்க்க வேண்டும். உள்ளே வைக்கும் மருந்து எதையும் உபயோகிக்கலாகாது. உட்புறத்தை நீர் விட்டுக் கழுவுவதும் கூடாது. வழக்கம்போல் குளித்தாலே போதும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. புடைவையோ பாவாடையோ உடுத்திச் சென்றால் முழுவதும் களைய வேண்டிய அவசியம் நேராது. இடுப்புக்குக் கீழே உள்ளாடையை மட்டும் நீக்கினால் போதும். அறைக்குள் செல்லுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சாதாரண அழுத்தமும் வலியாகத் தெரியும்.

மேசையின்மீது மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து அகற்றி வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றின்மேலும் தொடையின்மேலும் துணி போர்த்தியிருக்கும். பிறகு செவிலியர் ஸ்பெகுலம் என்னும் கருவியை உட்பாதையில் மெல்லச் செலுத்துவார். அது வாத்தின் அலகைப் போன்று இரண்டு இதழ்கள் உடையது. உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. அதில் கூர்மையான முனை எதுவும் இல்லை. காப்பர்-டி வைத்துக்கொண்ட தாய்மார்களுக்கு அது புதிதன்று. உள்ளே சென்றபின் இதழ்கள் சிறிது விரியும். அப்போதுதான் கருப்பை வாய் கண்ணுக்குப் புலப்படும். உலோகமாயின் முதலில் சில்லென்று இருக்கும். விரியும்போது ஒருவித அழுத்தமும் நிறைவும் தோன்றும்.

இதற்குப் பின் சோதனை இரண்டு விதமாக நடைபெறலாம். பாப் சோதனையாயின், சிறிய மரக்கரண்டி போன்ற குச்சியாலோ மெல்லிய தூரிகையாலோ கருப்பை வாயைச் சுற்றி ஒரு முறை வழித்து, அதில் ஒட்டியிருக்கும் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புவார்கள். மண் பரிசோதனைக்காக வயலின் நான்கு மூலையிலும் ஒரு பிடி மண் எடுக்கிறோம்; வயலுக்கு அதனால் குறைவு வருவதில்லை. அதைப் போன்றதே இது; வெட்டுவதோ தைப்பதோ கிடையாது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதிகமாகச் செய்யப்படுவது மற்றொரு முறை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஊறுகாய்க்குச் சேர்க்கும் வினிகரில் உள்ள அதே பொருளை, பஞ்சில் தோய்த்துக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறுபட்ட அணுக்கள் இருக்கும் இடம் வெளுத்துத் தெரியும். இம்முறையில் முடிவை அப்போதே சொல்லிவிடலாம் என்பது ஒரு பெரிய வசதி. அமிலம் பட்டவுடன் சிலருக்கு இலேசாக எரியும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். பாப் சோதனையில் வழிக்கும் கணத்தில் அடிவயிற்றில் மாதவிலக்கின்போது வருவது போன்ற ஓர் இழுப்பு தோன்றலாம். மேசையில் ஏறியதிலிருந்து இறங்குவது வரை எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

வலிக்குமா என்று கேட்டால், "வலியே இராது" என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "வலியில்லாச் சோதனை, வாரீர்!" என்று விளம்பரம் செய்ததை நான் கேட்டிருக்கிறேன். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதனை நம்பிச் சென்று சிறிது வலியை உணர்ந்தவள், மறுநாள் காலையில் குழாயடியில் பத்துப் பேரிடம், "எல்லாம் பொய்" என்பாள். அந்தப் பத்துப் பேரும் பிறகு எதற்கும் வரமாட்டார்கள். உண்மை யாதெனில், பெரும்பாலோருக்கு இது அசௌகரியம், சிலருக்கு வலி, மிகச் சிலருக்கு நிறுத்தச் சொல்லும் அளவுக்கு வலி. வலி உண்டாவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. அச்சத்தால் தசைகள் இறுகிக்கொள்வது முதற்காரணம். மாதவிலக்கு அடியோடு நின்ற பெண்களுக்கு உட்பாதை உலர்ந்து மெலிந்திருக்கும். அவர்களுக்குச் சிறிய அளவுக் கருவியை உபயோகிக்க வேண்டும். கருப்பை சற்றுப் பின்புறம் சாய்ந்திருப்பவர்கள் இடுப்புக்குக் கீழே இரு கை முட்டிகளை வைத்துக்கொண்டால் எளிதாக இருக்கும். முன்பு வேதனைப்பட்ட அனுபவம் உடையவர்கள் அதனைத் தொடங்குமுன்பே செவிலியரிடம் சொல்லிவிட வேண்டும். மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தால் தசை தளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, "சற்று நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை படுத்திருப்பவளுக்கு எந்தக் கணத்திலும் உண்டு. நிறுத்தச் சொன்னால் செவிலியர் நிறுத்தியே ஆக வேண்டும்.

நான் இதனைப் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. இரண்டு முறை இச்சோதனையைச் செய்துகொண்டிருக்கிறேன். முதல் முறை 34 வயதில். அந்த இடத்தில் இருந்தவர்கள் பொல்லாதவர்கள் அல்லர், வேலை மிகுதி. "படுங்கள், காலை அகற்றுங்கள்" என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு பேச்சில்லை. கருவி வருவது தெரியாமல் வந்ததால் உடம்பு முழுவதும் இறுகிப்போயிற்று. அப்போது பட்ட வலி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் முறை 39 வயதில். அந்தச் செவிலியர் கருவியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "இப்போது சில்லென்று இருக்கும். இப்போது அழுத்தும். இப்போது எரியும், ஒன்று முதல் இருபது வரை எண்ணுங்கள்" என்று ஒவ்வொன்றையும் முன்னதாகச் சொன்னார். நான் பதினான்கு எண்ணுவதற்குள் எரிச்சல் நின்றுவிட்டது. கருவி அதே கருவி. உடம்பும் அதே உடம்பு. முன்னறிவிப்பு ஒன்றுதான் வேறுபாடு. பட்டப் படிப்பும் அரசாங்கப் பதவியும் உடைய எனக்கே முதல் முறை அவ்வாறு இருந்ததென்றால், எழுத்தறியாத ஒரு கூலிப் பெண்ணுக்கு எவ்வாறு இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சோதனைக்குப் பின் ஓரிரு நாட்கள் இலேசான இரத்தக் கசிவு இருக்கலாம். அது இயல்பே. அன்றைக்கே வேலைக்குச் செல்லலாம். இரத்தம் மிகுதியாகப் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ கண்டாலோ உடனே திரும்பச் செல்ல வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள் மருத்துவரைக் கேட்டுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். சேர்க்கைக்குப் பின் இரத்தம் காணுதல், விலக்கு நின்று ஓராண்டு கழிந்த பிறகு மீண்டும் இரத்தம் காணுதல், நாற்றத்துடன் கூடிய வெள்ளைபடுதல் ஆகியவை உள்ளவர்கள் முகாம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது; அவர்கள் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்து, முடிவைப் பற்றி ஒரு வார்த்தை. "மாற்றம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதற்குப் புற்றுநோய் என்று பொருள் அன்று. உருப்பெருக்கிக் கருவியால் அவ்விடத்தை நன்கு பார்த்து, தேவையானால் அரிசி அளவு சதையை எடுத்துச் சோதித்த பின்னரே எதுவும் உறுதியாகும். முற்றாத மாற்றமாயின், குளிரூட்டியோ சூடுபடுத்தியோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கருப்பையை எடுப்பது இந்நிலைக்கு வழக்கமான சிகிச்சை அன்று. வெள்ளைபடுகிறது என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி எவரேனும் கருப்பையை எடுத்துவிடச் சொன்னால், அரசு மருத்துவமனையில் இன்னொரு மருத்துவரின் அபிப்பிராயத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில சமயம் பூச்சு சரியாக அமையவில்லை என்று மறுபடியும் வரச் சொல்வதும் உண்டு. அதனாலும் கலங்க வேண்டாம். குறை ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தவர்கள் 30 வயது முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வந்தால் போதும் என்பது அரசின் வழிகாட்டு நெறி.

இப்போது ஆண்களுக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரஸ் கிருமி. இதனை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாசனுக்கு 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி உடலுறவின் வழியாகப் பரவுவது. இதைச் சொன்னவுடன் சிலர் முகத்தில் ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். மணவாழ்வில் உள்ள ஆண் பெண் இருபாலாருள் பெரும்பாலோரை எப்போதாவது ஒரு முறை தொட்டுச் செல்லும் அளவுக்கு இக்கிருமி சாதாரணமானது. ஆண் தன் உடம்பில் யாதொரு அறிகுறியும் இன்றி இதனைத் தாங்கியிருப்பான். தன் மனைவிக்குக் கொடுத்ததையும் அறியான். எந்த ஆண்டில், எவரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பெரும்பாலோர் உடம்பினின்று இரண்டு ஆண்டுகளுக்குள் அது தானே நீங்கிவிடும். நீங்காமல் தங்கிவிடும் சிலருக்குத்தான் தீங்கு. ஆகவே சீட்டுடன் வீடு திரும்பும் மனைவியின் நடத்தையை ஐயுறுவதைப் போன்ற அறியாமை வேறில்லை. அவள் கையில் இருக்கும் சீட்டு, அவளைக் காப்பாற்றிக்கொள்ளக் காலம் இருக்கிறது என்று சொல்லும் சீட்டு. மறுநாள் அவளுடன் பஸ் ஏறுவதே கணவன் செய்ய வேண்டிய காரியம்.

பெண் குழந்தைகளுக்கு இக்கிருமிக்கு எதிராகப் போடும் தடுப்பூசியைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். ஊசி போட்டுக்கொண்டவர்களும் பிற்காலத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் இப்போது சொல்லி வைக்கிறேன். கிருமியையே நேரடியாகக் கண்டறியும் சோதனையும் வந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதற்கே முதலிடம் கொடுத்துப் பரிந்துரைத்தது. அதில் பெண் தானே ஒரு பஞ்சுக் குச்சியால் மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம், ஸ்பெகுலம் தேவையில்லை. அது எல்லா ஊர்களுக்கும் வந்து சேரும் நாளில் பாதி அச்சம் தீர்ந்துவிடும். அதுவரையில் கையில் இருக்கும் சோதனையை விட்டுவிடலாகாது.

இனி, ஊராட்சி செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். மருந்தும் கருவியும் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவை. ஆனால் கதவும் தாழ்ப்பாளும் பல சமயங்களில் நம்மைச் சேர்ந்தவை. ஓர் ஊரில் சமுதாயக் கூடத்தில் முகாம் நடத்தியபோது நான் பார்வையிடச் சென்றேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சன்னலுக்குத் திரை இல்லை. பக்கத்தில் கழிவறை இருந்தது; அதில் தண்ணீர் இல்லை. வாசலில் நான்கு பெரியவர்கள் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். அன்றைய தினம் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். செவிலியர் என்ன செய்வார்? இரண்டு கெஜம் துணி, ஒரு தாழ்ப்பாள், இரண்டு குடம் தண்ணீர் ஆகிய இவற்றுக்குத் தீர்மானம் போட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியம் எந்த ஊராட்சிக்கும் இல்லை.

பெயர்களை ஒலிபெருக்கியில் கூப்பிடாதீர்கள். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். அது கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் இருக்கட்டும். பதாகை கட்டிப் படம் எடுக்கும் பழக்கம் நம்மிடையே மிகுந்துவிட்டது. தார்ச்சாலைத் திறப்பு விழாவுக்கு அது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. நாளைக் குறிக்கும்போது நடவு, அறுவடைக் காலங்களையும் சந்தை நாளையும் தவிர்த்துவிடுங்கள். நாற்று நடும் வாரத்தில் கூப்பிட்டுவிட்டு, பெண்கள் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது முறையன்று. ஒன்றுக்கு இருவராக அழைத்து வாருங்கள்; முன்பே சோதனை செய்துகொண்ட ஒருத்தி உடன் வந்தால் அதைவிடச் சிறந்த பிரசாரம் வேறு கிடையாது. பெண் உறுப்பினர்கள் முதல் நாளில் முதல் ஆளாகத் தாமே சென்று வந்தால், மற்றவர்களிடம் பேசுவதற்கு உரிமையும் பிறக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது, சீட்டு வாங்கியவர்களைப் பற்றியது. திண்டுக்கல்லில் நற்பயன் விளைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், மாற்றம் கண்ட பெண்களுக்கு இயன்றவரை அதே வருகையில் செவிலியர்களே சிகிச்சையும் செய்து அனுப்பியது என்று நான் கருதுகிறேன். நம் ஊர்களில் சீட்டு எழுதி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். சீட்டு முந்தானையில் முடிந்தபடியே இருக்கிறது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்; எந்த அறை, எந்தக் கிழமை என்று தெரியாது; கேட்க வெட்கம். சோதனைக்கு நூறு பேரை அழைத்துவந்துவிட்டு, சீட்டு பெற்ற ஐந்து பேரைக் கைவிடுவோமாயின் அந்த நூறு பேரை அழைத்ததற்குப் பொருளே இல்லை. ஆகவே ஒவ்வொரு ஊராட்சியும், தன் பகுதியில் சீட்டு பெற்றவர்கள் அனைவரையும் ஒரே நாளில் ஒரு வாகனத்தில், கிராம சுகாதாரச் செவிலியர் துணையுடன் அனுப்பி வைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாகனத்தின்மேல் எதற்காகச் செல்கிறது என்று எழுத வேண்டாம். காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதனை மறவாமல் எடுத்துச் செல்லட்டும்.

உங்கள் ஊருக்கு ஏற்ற இரண்டு தேதிகளை எழுதி, மாலைக்குள் என் அலுவலக மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள். பகல் உணவுக்குப் பின் வட்டார மருத்துவ அலுவலர் இங்கு வந்து உங்கள் கேள்விகளுக்கு விடையளிப்பார். பொதுவில் கேட்கத் தயங்கும் தாய்மார்களுக்காகப் பின்புறத்து அறையில் செவிலியர் ஒருவர் மூன்று மணி வரை இருப்பார். நான் சொன்ன கருவியையும் மரக்கரண்டியையும் கண்ணாடித் தகட்டையும் அவர் கொண்டுவந்திருக்கிறார். கையில் வாங்கி, திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.